குற்றம் கருவியில் அன்று, கூடத்தில்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின் மேல் பழி போடுவோரை எள்ளி நகையாடப் பிறந்தது அது. ஆயினும், இசை கேட்கும் இல்லங்களில் இன்று நடைபெறும் கூத்தைக் காணுங்கால், அப்பழமொழி தலைகீழாகிவிட்டது என்றே சொல்ல வேண்டியுள்ளது. அங்கே கூடம் உண்மையிலேயே கோணல். பழியோ ஆடுபவள் மேல் விழுகின்றது. ஆயிரக்கணக்கான வெள்ளியோ ரிங்கிட்டோ செலவிட்டு உயர்தர ஒலிக்கருவி வாங்குவோர், பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை என்று கண்டவுடன் கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். ஒலிபெருக்கிப் பெட்டியை மாற்றுகின்றனர். ஆம்ப்ளிஃபையரை மாற்றுகின்றனர். இறுதியில் இரண்டையும் இணைக்கும் கம்பியையும் மாற்றுகின்றனர். மாறாமல் நிற்பது ஒன்றே ஒன்று: நான்கு வெற்றுச் சுவர்களும் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் தரையும் கொண்ட அந்த அறை.

பொழுதுபோக்குப் பிரியர் சிலரின் வீண் செலவு என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர்க்கு, வகுப்பறைக்கு வெளியே தமிழ் கிடைக்கும் வழிகளுள் தலையாயது செவி. வானொலி, பாடல், நாடகப் பதிவு, சொற்பொழிவுப் பதிவு ஆகியனவே வீட்டுக்குள் தமிழைக் கொண்டுவருகின்றன. அவ்வாறு வரும் தமிழ், அறையின் இரைச்சலில் கரைந்து உருச்சிதைந்து காதை அடையுமானால், இழப்பு பணத்தோடு முடிவதில்லை.

சேபின் காட்டிய வழி

அறைக்கும் ஒலிக்கும் உள்ள உறவை அறிவியலாக்கியவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் கிளமென்ட் சேபின் ஆவார். 1895-இல் அப்பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் கட்டப்பெற்ற புதிய விரிவுரை மண்டபம் பயனற்றுக் கிடந்தது. விரிவுரையாளர் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஐந்து நொடிக்கு மேல் மண்டபத்திலேயே சுற்றிச் சுழன்றது. முன் சொல் அடங்குமுன் பின் சொற்கள் அதன்மேல் ஏறின. கேட்போர்க்கு எஞ்சியது முழக்கமே.

சேபின் விரிவுரையாளரை உரக்கப் பேசுமாறு பணிக்கவில்லை. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாக அம்மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் இசைக்குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை முற்றும் அடங்க எத்துணை நொடி ஆகின்றது என்று நிறுத்தற்கடிகாரத்தால் அளந்தார். மெத்தைகள் கூடக் கூட ஓசை அடங்கும் நேரம் குறைந்தது. இவ்வாறு அடங்கும் நேரத்தையே இயற்பியலார் எதிர்முழக்க நேரம் என்பர். அறையின் கன அளவு பெருகினால் அது நீளும்; ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகினால் அது குறுகும். இவ்விதியைத் துணைக்கொண்டு அமைத்த பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900-இல் திறக்கப்பெற்று, இன்றும் உலகின் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. குறை பேச்சாளரிடம் இல்லை, கூடத்தில்தான் இருந்தது என்பதை மெத்தையைக் கொண்டே மெய்ப்பித்தார் சேபின்.

கணக்கு என்ன சொல்கின்றது?

இதே விதியை ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள வரவேற்பறை ஒன்றின் கன அளவு 52 கனமீட்டர். சுவர், தரை, மேற்றளம் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 87 சதுரமீட்டர். பூச்சுப் பூசிய கான்கிரீட்டும் ஓடு பதித்த தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கு அளவே உறிஞ்சும். எஞ்சியதை அப்படியே திருப்பி எறியும். அக்கணக்குப்படி, கதவு சன்னல் அடைத்த அந்த வெற்றறையில் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 4.8 நொடி ஆகும். கதவு, சன்னல் கண்ணாடி, இருக்கைகள், மனிதர்கள் என்று சேரச் சேர அது குறையும் என்பது உண்மையே. ஆயினும் இசை கேட்கும் இல்லத்து அறைக்கு ஏற்றது அரை நொடிக்கு மேற்படாத நேரம். அதற்கு உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 17 சதுரமீட்டர் வேண்டும். வெற்றறையில் இருப்பதோ இரண்டு சதுரமீட்டருக்கும் குறைவு. இந்தப் பள்ளத்தை எந்தக் கம்பியால் நிரப்ப முடியும்?

அக்காலத்து வானொலி தேனாக இனித்தது என்று முதியோர் கூறுவதைப் பழமைப் பற்று என்று இளையோர் நகைப்பர். அக்கூற்றில் ஒரு பங்கு இயற்பியலும் உண்டு. கம்பத்து அத்தாப்பு வீட்டிலும் தோட்டத்து லயன் வீட்டிலும் பலகைச் சுவர்கள் மெல்ல அதிர்ந்து தாழ்ந்த ஓசைகளை உள்வாங்கின. இடுக்குகளும் திறந்த சன்னல்களும் ஒலியை வெளியே போகவிட்டன. ஓலைக் கூரை ஒலியைத் திருப்பி அடிக்கவில்லை. கருவி எளியது, கூடமோ நல்லது. 1960-இல் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின்னர் மக்கள் கான்கிரீட் அடுக்குமாடிகளில் குடியேறினர். மலேசிய நகரங்களிலும் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. நல்வாழ்வு வந்தது, அதை மறுப்பார் இல்லை. ஆனால் கருவி உயர்ந்த அதே காலத்தில் கூடம் கெட்டது என்பதை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

சொல்லப்படும் சமாதானங்கள்

ஒலியைக் கூட்டிவைத்தால் தெளிவு பிறக்கும் என்பர் சிலர். இது பொய். நேராக வரும் ஒலியைக் கூட்டினால், சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் அதே அளவில் கூடும். தெளிவைத் தீர்மானிப்பது இவ்விரண்டுக்கும் உள்ள விகிதமே. அந்த விகிதம் இம்மியும் மாறாது. மாறுவது செவியின் நிலைதான். நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்பதற்கு 85 டெசிபலே உச்ச எல்லை என்றும், அதற்கு மேல் 3 டெசிபல் கூடுந்தோறும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 1998-இல் வரையறுத்தது. மோசமான அறையில் தெளிவைத் தேடி ஒலியைக் கூட்டுபவர், தெளிவையும் பெறார், செவியையும் இழப்பார்.

விலையுயர்ந்த கம்பி குறையைத் தீர்க்கும் என்பர் வேறு சிலர். சில மீட்டர் தூரத்துக்குத் தடித்த செப்புக் கம்பி போதும். சுவரில் மோதும் ஒலி, தான் எந்தக் கம்பி வழியே வந்தது என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினால் போதும் என்பது மற்றொரு மூடநம்பிக்கை. மெல்லிய அட்டையும் விரல் தடிமன் பஞ்சுத்தாளும் உயர்ந்த ஓசைகளை மட்டுமே ஓரளவு குறைக்கும். தாழ்ந்த ஓசைகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. 100 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அதனை ஒரு சென்டிமீட்டர் அட்டை தடுக்கும் என்று எண்ணுவது, யானையை நூலால் கட்ட நினைப்பதற்கு ஒப்பாகும். முட்டை அட்டை எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறத்தலாகாது.

இக்காலத்து எண்முறைக் கருவிகள் அறையின் குறையைத் தாமே அளந்து திருத்திவிடும் என்பதே இன்று வலுவாகச் சொல்லப்படும் வாதம். அவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கின்றது. ஓர் இருக்கையில் சில ஓசைகள் வீங்கித் தோன்றினால் அவற்றை அக்கருவி அடக்கும். ஆனால் சுவர்களுக்கிடையே உலவும் பேச்சொலியின் எதிர்முழக்கத்தை அதனால் விழுங்க முடியாது. ஓசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் குழி நிரம்பாது. மருந்து உண்டு என்பதற்காக நஞ்சை நிறுத்தாமல் உண்பவர் உண்டோ?

அறையை அளப்பதெல்லாம் மேனாட்டார்தம் ஆடம்பரம் என்று கூறித் தப்பிக்க முயல்வோரும் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒருமுறை புரட்டுவார்களாக. மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது. அரங்கின் தளத்துக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். அளக்கும் கோலுக்கும் இருபத்துநான்கு விரல் என்று கணக்கு உண்டு. ஆடுபவளின் சிறப்பைப் பாடியதோடு நில்லாமல், ஆடும் கூடத்தையும் அளந்து பதிவு செய்தார் இளங்கோவடிகள். அந்த மரபில் வந்தோர் கூடத்தை மறப்பது பொருந்துமா?

செய்யத்தக்கன

கண்டனம் மட்டும் செய்து வழி காட்டாமல் விடுவது முறையன்று. முதற்கண், ஒரு காசும் செலவில்லாத சோதனை: அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுக. தட்டலுக்குப் பின் படபடவென்று ஓர் அதிர்வு தொடருமாயின், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அறிக.

அடுத்தது இடவமைப்பு. பெட்டிகளை மூலையில் திணித்தால் தாழ்ந்த ஓசைகள் வீங்கி, மிருதங்கத்தின் இடந்தலை ஒலி பானையில் அடித்தாற்போல் கேட்கும். ஆகவே பெட்டிகள் மூலையையும் சுவரையும் விட்டு விலகி நிற்றல் வேண்டும். இரு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைதல் நன்று. கேட்பவர் பின்சுவரில் தலை சாய்த்து அமர்தலும் அறையின் நட்டநடுவில் அமர்தலும் தவறு. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அளவில் எழும் நிலையலை, சுவரருகே பெருத்தும் நடுவில் மறைந்தும் போகும். பின்சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு விலகி அமர்வது பெரும்பாலும் நலம் தரும்.

மூன்றாவது, கண்ணாடி முறை. கேட்பவர் தம் இருக்கையில் அமர்ந்திருக்க, மற்றொருவர் முகக்கண்ணாடியைப் பக்கச்சுவரோடு ஒட்டி நகர்த்துக. எந்த இடத்தில் கண்ணாடிக்குள் பெட்டி தெரிகின்றதோ, அந்த இடத்திலேயே ஒலி முதன்முதலாக மோதித் திரும்புகின்றது. அங்கே தடித்த திரையையோ, 10 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பாறைக்கம்பளியைத் துணியால் முற்றும் மூடிச் செய்த பலகையையோ தொங்கவிடுக. தாழ்ந்த ஓசைகளுக்கு அறையின் மூலைகளில் இன்னும் தடித்த பலகைகள் வேண்டும். திரைத்துணி சன்னலின் அகலத்தைப் போல் இரு மடங்கு இருந்து மடிப்புகளாக விழுதல் வேண்டும். இழுத்துக் கட்டிய மெல்லிய துணி அழகுக்கு மட்டுமே உதவும்.

நான்காவது, தமிழாசிரியர் இல்லத்துக்கு மிகவும் ஏற்றது: புத்தக அலமாரி. பெரிதும் சிறிதுமாய் நூல்கள் நிறைந்த அலமாரி, மோதும் ஒலியில் ஒரு பங்கை உறிஞ்சி, மறு பங்கைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். கேட்பவரின் பின்புறச் சுவரில் அது நிற்குமாயின் அறிவுக்கும் செவிக்கும் ஒருசேரப் பயன் தரும்.

இந்த வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் கம்பளம் விரித்தால் பூஞ்சை பிடிக்கும், தூசு சேரும், பிள்ளைகளுக்கு இளைப்பு வரும் என்று இல்லத்தரசியர் எழுப்பும் மறுப்பு நியாயமானது. சுவர் முதல் சுவர் வரை கம்பளம் ஒட்டுமாறு அறிவுடையோர் எவரும் கூறமாட்டார். கழற்றித் துவைத்து வெயிலில் உலர்த்தக்கூடிய தடித்த விரிப்பு ஒன்று பெட்டிகளுக்கும் இருக்கைக்கும் இடையே கிடந்தால் போதும். மேலும், எங்கும் துணியை மட்டுமே நிரப்புவதும் கேடே. உயர்ந்த ஓசைகள் மடிந்து, தாழ்ந்த ஓசைகள் மட்டும் எஞ்சி, பாட்டு போர்வைக்குள் பாடியது போலாகும். உறிஞ்சலும் சிதறலும் அளவோடு கலத்தல் வேண்டும். இவையெல்லாம் அண்டை வீட்டுக்கு ஒலி போகாமல் தடுக்கும் அரண்கள் அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுதல் நேர்மை. எனினும் தெளிவு கிட்டியபின் ஒலியைக் கூட்டும் தேவை குறைவதால் அண்டை வீட்டாரும் நலம் பெறுவர்.

செவிக்கு உரிய கடமை

தமிழ் நுண்ணிய ஒலி வேறுபாடுகளால் பொருள் காட்டும் மொழி. அலையும் அளையும் வேறு; ஆனியும் ஆணியும் வேறு; மறமும் மரமும் வேறு. உயிரொலி நீண்டு வலுத்து ஒலிக்க, மெய்யொலி கணத்தில் தோன்றி மறைகின்றது. எதிர்முழக்கம் மிகுந்த அறையில் முன்னெழுந்த உயிரின் எச்சம் பின்வரும் மெய்யை மூடிவிடுகின்றது. பிள்ளை ழகரத்தைச் சரியாக ஒலிக்கவில்லை என்று வருந்தும் பெற்றோர், அப்பிள்ளை ழகரத்தைச் சரியாகக் கேட்டதுண்டா என்று முதலில் வினவுதல் வேண்டும். சிறிய வகுப்பறைகளில் எதிர்முழக்க நேரம் 0.6 நொடிக்கு மேற்படலாகாது என்று 2002-இல் அமெரிக்காவில் வகுத்த தரவிதி கூறுகின்றது. பள்ளிக்கு விதி வகுத்தோர் உண்டு. வீட்டுக்கு விதி வகுக்க வேண்டியவர் வீட்டுக்கு உரியவரே.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கேள்வியின் சிறப்பை மேடைதோறும் முழங்கும் தமிழர், கேட்கும் இடத்தைக் கெடுத்து வைத்திருப்பது முரண்பாடு. அடுத்த கருவிக்காகச் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு சிறு பங்கைத் திரைக்கும் விரிப்புக்கும் அலமாரிக்கும் செலவிடுக. அதன் பின்னரும் இசை இனிக்கவில்லையாயின், அப்போது கருவியைக் குறை கூறுக. அதுவரை, கூடம் கோணலாக இருக்க ஆடுபவளைத் தூற்றுதல் அறமன்று.