உடற்பருமனும் தொற்றுமோ?

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது பழமொழி. இனம் இனத்தையே நாடும் என்பதும் பழமொழியே. முன்னது சேர்க்கையாற் குணம் வரும் என்கின்றது. பின்னது குணத்தாற் சேர்க்கை வரும் என்கின்றது. உடற்பருமன் பற்றிய கணித ஆராய்ச்சியில் எழுந்த வழக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே.

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் பிறேமிங்காம் நகரில் 1948ஆம் ஆண்டு இருதயநோய் ஆய்வொன்று தொடங்கிற்று. அதன் ஏடுகளைக் கொண்டு, 12,067 பேரின் உறவையும் நட்பையும் 32 ஆண்டுக் காலத்துக்கு ஆராய்ந்த கிறிஸ்தாக்கிஸ், பவுலர் என்னும் அறிஞர் இருவர், 2007இல் தம் முடிபை வெளியிட்டனர். நண்பர் ஒருவர் பருமனுற்றால் மற்றவர் பருமனுறும் வாய்ப்பு 57 வீதம் கூடுகின்றது; உடன்பிறந்தாரிடத்து 40 வீதம்; வாழ்க்கைத் துணைவரிடத்து 37 வீதம். அயல்வீட்டாரிடத்து இத்தொடர்பு காணப்படவில்லை. தொலைவில் வாழும் நண்பரிடத்துக் காணப்பட்டது. ஆதலின், 'இவ்வளவு பருத்தல் தகும்' என்னும் எண்ணமே ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் செல்கின்றது போலும் என அவர்கள் கருதினர்.

2010இல் ஹார்வாட் ஆய்வாளர் சிலர், தொற்றுநோய்க்குரிய சமன்பாடுகளை இதற்கு ஏற்ப அமைத்தனர். அவர்தம் கணக்கின்படி, பிறர் தூண்டலின்றியே ஆண்டுதோறும் நூற்றுவரில் இருவர் பருமனுறுவர். பருமனுற்ற நண்பரோ உறவினரோ ஐவர் இருப்பின், அவ்விரண்டு நான்காகும்.

மறுப்பும் எழுந்தது. 2008இல் வேறிருவர் அதே முறையைக் கையாண்டு, முகப்பருவும் தலைவலியும் உயரமுங்கூட நண்பரிடையே 'பரவுவதாக' வருதலைக் காட்டினர். உயரம் எங்ஙனம் தொற்றும்? சேர்ந்தமையால் ஒத்தனரோ, ஒத்தமையாற் சேர்ந்தனரோ என்பதை, இத்தகைய ஏடுகளை மட்டுங்கொண்டு பொதுவாகப் பிரித்தறிதல் இயலாதென 2011இல் ஷாலிசி, தோமஸ் என்போர் நிறுவினர். இருவரையும் ஒருங்கே பருக்கச் செய்யும் மூன்றாவது காரணமும் உண்டு: மலிந்த இனிப்புப் பானம், இருந்தே செய்யும் தொழில், நடத்தற்கு வழியில்லாத நகரம்.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. தொற்றென்று துணிந்தால் பழி பருத்தவர்மேற் சாரும். அவரை விலக்குதலே மருந்தென்பாரும் தோன்றுவர். பொதுக் காரணமென்று கண்டால், உணவையும் தொழிலையும் வீதியையும் திருத்தும் கடமை அரசுக்கும் நமக்கும் உரியதாகும். தொற்று என்பது இங்கு ஓர் உருவகம். உருவகத்தைப் பொருளென்று மயங்கலாகாது என்பது இலக்கணம் கற்பிக்கும் நமக்குப் புதிதன்று; கணக்கைக் கற்பிப்போரும் மாணவர்க்கு அதனைச் சொல்லுதல் வேண்டும்.