ஜூரோங்கில் அறையை வாடகைக்கு விடப் போறீங்களா? முதலில் இதைப் பாருங்க

"நம்ம ஊர்ப் பையன்தான், கப்பல் பட்டறையில வேலை. உங்க வீட்டுல ஒரு அறை கிடைக்குமா?"

ஜூரோங்கில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படியொரு கேள்வி புதிதல்ல. தொழிற்பேட்டை, கப்பல் பட்டறைகள், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் அறை தேடுவோர் இங்கு எப்போதும் உண்டு.

அம்மா அப்பா "சரி" சொல்வதற்குமுன் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

யாருக்கு விடலாம்?

பலர் சறுக்குவது இங்கேதான்.

கட்டுமானம், கப்பல் பட்டறை, செயலாக்கத் துறைகளில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்வோர் மலேசியர்களாக இருந்தால் மட்டுமே வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கலாம். அதே பட்டறையில் வேலை செய்யும் தமிழ்நாட்டு ஊழியருக்கு அனுமதி இல்லை. முழு வீடு, ஓர் அறை இரண்டுக்கும் இதே விதிதான்.

வெளிநாட்டவர் யாராக இருந்தாலும் அனுமதி அட்டையின் அசலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடப்பிதழில் உள்ள விவரங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது.

அறையா, முழு வீடா?

அறையை மட்டும் விட்டால் உரிமையாளரும் அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவிட்டு வேறு இடத்தில் குடியிருப்பது விதிமீறல். பெரிய அறையைத் தடுத்து இரண்டாக்கி விடவும் கூடாது.

முழு வீட்டையும் விடுவதற்குக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு அது 5 ஆண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள் மட்டுமே முழு வீட்டை விடலாம், நிரந்தரவாசிகளால் முடியாது. பிளஸ், பிரைம் வகை வீடுகளைப் பிற்பாடும் முழுசாக வாடகைக்கு விட முடியாது.

எதுவானாலும் வீவகவின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். ஒவ்வொரு வாடகைக் காலமும் குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் பயணிகளுக்கு ஒரு வாரத்துக்கு விடுவதெல்லாம் நடக்காது.

எத்தனை பேர்?

நான்கறை, அதைவிடப் பெரிய வீடுகளில் உறவினர் அல்லாதோர் 6 பேர்வரை இருக்கலாம் என்றிருந்தது. 2024 ஜனவரி 22 முதல் அது 8 ஆக உயர்த்தப்பட்டது. இது தற்காலிகத் தளர்வுதான். அதை நம்பி நீண்டகாலக் கணக்குப் போடாதீர்கள். மூவறை வீட்டுக்கு வரம்பு 6 பேர்.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

வாடகை முழுவதும் லாபம் அல்ல. ஓர் அறைக்கு மாதம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 வெள்ளி. அதை வருமான வரியில் காட்ட வேண்டும்.

செலவுகளுக்கு ரசீது காட்டாமலேயே 15 விழுக்காட்டை, அதாவது 1,800 வெள்ளியைக் கழிக்கலாம். வீட்டுக் கடன் வட்டியில் அந்த அறைக்குரிய பங்கையும் கழிக்கலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது.

முழு வீட்டையும் விட்டால் இன்னொரு செலவு கூடும். உரிமையாளர் குடியிருப்பதற்கான குறைந்த சொத்து வரிச் சலுகை போய்விடும். வீட்டின் ஆண்டு மதிப்பில் 12 விழுக்காட்டிலிருந்து வரி தொடங்கும்.

பிரச்சினை வந்தால்?

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். முத்திரை வரியை வழக்கமாகக் குடியிருக்க வருபவர் கட்டுவார். மேலே சொன்ன ஓராண்டு வாடகைக்கு அது 48 வெள்ளி. அவர் குடிவரும் நாளில் அறையைப் படம்பிடித்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத் தகராறுகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், 2 ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.

சரி, அந்த ஊர்ப் பையனுக்கு என்ன பதில்?

அவர் மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட் ஊழியர் என்றால், "முடியாது தம்பி" என்று நேரடியாகச் சொல்லிவிடுவதே நல்லது. இரக்கப்பட்டு இடம் கொடுத்துப் பிடிபட்டால் அபராதம் வரலாம், வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். அவருக்கோ நடுவழியில் தங்க இடமில்லாமல் போகும். தங்குமிடம் பற்றி முதலில் முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். முறையான இடத்தில் தங்கவைப்பது முதலாளியின் பொறுப்பு.