போன் பள்ளிக்கு வரட்டும், வகுப்புக்கு வேண்டாம்

பள்ளிக்குச் செல்போன் கொண்டுவர அனுமதிக்கலாமா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் காலையில் வந்து நின்று பாருங்கள். ஐந்து ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் போனை வாங்கி, பெயர் எழுதிய துண்டுச்சீட்டை ரப்பர் பேண்டால் சுற்றி, மிட்டாய் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். வாசலில் தடை, வாசலுக்கு எதிரே வியாபாரம்.

நியூயார்க் நகரிலும் இது நடந்தது. பொதுப் பள்ளிகளில் போனுக்குத் தடை இருந்தபோது, பள்ளிகளுக்கு அருகே வேன் நிறுத்தி, நாளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு போன்களைப் பாதுகாத்தார்கள். 2015இல் தடை நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் நியூயார்க் மாநிலம் முழுக்கப் புதிய கட்டுப்பாடு வந்தது. இம்முறை, போனைப் பத்திரமாக வைக்கும் ஏற்பாடும், பெற்றோர் பிள்ளையைத் தொடர்புகொள்ள ஒரு வழியும் பள்ளியின் பொறுப்பு என்று சேர்த்தே எழுதினார்கள்.

வகுப்பறையில் போன் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வீட்ஸ்டோன் சமனச்சுற்றைப் போர்டில் வரையும்போது, மேசைக்கு அடியில் ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டு நிமிர்கிறவளுக்கு அடுத்த சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று புரியாது. டியூஷன் போகிறவள் மாலையில் அதைச் சரிசெய்துகொள்வாள். மற்றவளுக்கு அந்தப் பாடம் போனது போனதுதான். இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி 2015இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: போனைத் தடுத்த பள்ளிகளில் பின்தங்கிய மாணவர்களே அதிகம் முன்னேறினார்கள், நன்றாகப் படிப்பவர்களிடம் பெரிய மாற்றமில்லை.

ஆனால், வகுப்பறை வேறு, வழி வேறு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, டவுன் பஸ் பிடித்து, நிறுத்தத்திலிருந்து இருட்டில் ஊருக்குள் நடக்கிற பிள்ளையிடம் “ஆபீஸ் போனில் பேசிக்கொள்” என்று சொல்வது நியாயமில்லை. பஸ் வராவிட்டால் அவள் நிற்கும் இடத்தில் ஆபீஸ் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒளித்துக் கொண்டுவந்த போன் சிக்கினால் பையனுக்குத் திட்டு விழும், அத்தோடு முடியும். பெண் பிள்ளைக்கு அப்படி முடிவதில்லை. “எதுக்கு ஒளிச்சு வச்ச? யார்கூடப் பேசுற?” என்று வீட்டில் விசாரணை தொடங்கும். படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்பதில் போய் நிற்கும் வீடுகளும் உண்டு. வெறும் ஒழுங்குமீறலை நடத்தைக் குற்றமாக மாற்றுவது அந்த ஒளிவுமறைவுதான். எல்லோர் கண்ணெதிரிலும் ஒப்படைத்த போனுக்கு அந்தக் களங்கம் இல்லை.

2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றமும், ஒட்டுமொத்தத் தடை விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஏற்றதும் அல்ல என்றது. முடிந்த இடங்களில் காலையில் வாங்கி வைத்து, மாலையில் திருப்பித் தரலாம், வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டியது.

நான் கேட்பதும் அதுதான். வகுப்புக்கு ஓர் எண்ணிட்ட அலமாரி, ஒரு பூட்டு, ஒரு பதிவேடு. முதல் மணிக்கு உள்ளே, கடைசி மணிக்கு வெளியே. விதியை மீறினால் போனை வாங்கி வைக்கலாம். ஆனால், அதைத் திறந்து படங்களையும் செய்திகளையும் பார்க்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது. ஸ்பெஷல் கிளாஸ் உள்ளவளுக்கு, அந்த வகுப்பு முடிந்த பிறகுதான் கடைசி மணி.

கூடவே, பள்ளியும் தன் பங்கைச் செய்ய வேண்டும். கொரோனா காலத்தில் நகையை அடகு வைத்தாவது போன் வாங்கச் சொன்னது படிப்புதான். பள்ளிகள் திறந்த பிறகும் வாட்ஸ்ஆப் குரூப் மூடப்படவில்லை. வீட்டுப்பாடம் இன்றும் அதில்தான் வருகிறது. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாலே, இரவில் போனைக் கையில் எடுக்க ஒரு சாக்கு குறையும். ஆசிரியர்களும் செயலியில் வருகைப் பதிவு செய்து முடித்ததும் போனைக் கைப்பையில் வைத்துவிட வேண்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை முன்வைக்கப்போகிறேன். முழுத் தடைதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் பேசட்டும். பேச வருகிறவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வாள் என்பதற்கும் பதில் கொண்டுவரட்டும்.