கால் போவது விதியா?

திருவண்ணாமலையில் பவுர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் சுமார் 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். பலர் செருப்பணிவதில்லை. நடப்பது தேகத்துக்கு நல்லதே. ஆனால் நீரிழிவினால் பாதம் மரத்துப் போனவர் வெறுங்காலோடு நடப்பது எவ்வளவு அபாயம் என்பதை எடுத்துச் சொல்லுகிறவர் எத்தனை பேர்?

நீரிழிவு நாள்பட்டால் காலின் நரம்பு கெடுகிறது. ரத்த ஓட்டமும் குறைகிறது. கல் குத்தினாலும் வலி தெரிவதில்லை. அதை “அருள்” என்கிறார்கள். புண் புரையோடி, விரல் கறுத்து, காலை வெட்ட நேர்ந்தால் “தலைவிதி” என்கிறார்கள். வலி தெரியாததற்குக் காரணம் நரம்பின் கேடு. கால் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காலத்தில் கவனியாமை. இதில் அருளுக்கும் விதிக்கும் என்ன வேலை?

சரி, கவனிக்கலாமென்றால், ஜவ்வாது மலைக் கூலியாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, நிபுணரிடம் எத்தனை தடவை போக முடியும்? ஆள் போக முடியாவிட்டால் புண்ணின் படம் போகலாமே! இது கனவல்ல. 2006-ல் தொடங்கி, அன்றைய காஞ்சிபுரம் ஜில்லா சூணாம்பேடு பக்கத்து 42 கிராமங்களில், சென்னை டாக்டர் வி. மோகன் குழுவார் கருவிகளை ஒரு வண்டியில் கொண்டுபோய், நீரிழிவுக்காரரின் கண்ணையும் காலையும் சோதித்தார்கள். கண் படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. 2020-ல் இந்திய சர்க்கார் தொலைமருத்துவத்துக்கு விதிகளும் வகுத்தது.

ஆனால் செல்போனைப் புதுச் சாமியாக்கிவிடக் கூடாது. 2015-ல் வெளியான டென்மார்க் ஆராய்ச்சியில், தொலைவிலிருந்து கவனிக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் புண் ஆறுவதில் பெரிய வித்தியாசமில்லை. ஆயினும் முன்னவரில் இறந்தோர் அதிகம், காரணமும் விளங்கவில்லை. படத்துக்கு நாற்றமும் சூடும் தெரியா. ஆகவே கிராமத்திலேயே புண்ணைக் கழுவிக் கட்டப் பழகிய நர்சு வேண்டும். மறுமுனையில் குறித்த நேரத்தில் டாக்டர் வேண்டும். அவர் “அனுப்பு” என்றால் அன்றே வண்டியும் படுக்கையும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத தொலைமருத்துவம் வெறும் படக்காட்சியே. இவற்றைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

தோழர்களே! நீரிழிவுள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். பார்வை மங்கியிருந்தால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பணியுங்கள். புண் கண்டால் அன்றே காட்டுங்கள். சிவந்து வீங்கினாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ படம் அனுப்பிக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலை எங்கும் போய்விடாது. போன கால் திரும்பி வராது.