கல்லுக்கு ஒரு கோப்பு, கூரைக்கு ஒரு கோப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வடசென்னைக் கடலோரத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல்லால் தூண்டில் வளைவு போடுவது நீர்வளத்துறையின் வேலை. தெருவில் படுப்பவர்களுக்குக் காப்பகம் நடத்துவது மாநகராட்சியின் வேலை. மாற்று வீடு கொடுப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வேலை. அலையில் சுவர் இடிந்து வெளியே வந்த குடும்பம் யாருடைய வேலை? கேட்டுப் பாருங்கள், மூன்று இடத்திலும் அடுத்த அலுவலகத்துக்கே வழி சொல்வார்கள்.

இந்தக் கடலரிப்பு இயற்கையின் சீற்றம் மட்டுமல்ல. நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் காசிமேடும் தேய்ந்தன. தூண்டில் வளைவும் அதே மறிப்பைச் சிறிய அளவில் செய்வதுதான். தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் உள்ளே வரும். இது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. எண்ணூர் குப்பங்களில் வலை பின்னுகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் டெண்டரில் வருவது இத்தனை மீட்டர் நீளம், இத்தனை டன் கருங்கல், இன்ன விலை. வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டாமா?

சட்டம் இடம் தரவில்லை என்று சொல்ல முடியாது. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, குறைந்த விலைப்புள்ளியை ஏற்கச் சொல்கிறது. அந்தக் 'குறைவு' டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன, அளவிடக்கூடிய காரணிகளுக்கு மதிப்பளித்துக் கணக்கிட வேண்டியது. பக்கத்துக் கரைக்கு வரும் சேதம், ஆண்டுதோறும் பராமரிப்பு, மணலில் புதையும் கல்லை மீண்டும் நிரப்பும் செலவு ஆகியவற்றை அதில் சேர்க்க யார் தடுத்தார்கள்? இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் என்கின்றன விதிகள். ஒப்பந்ததாரர் விலை போடுவதற்கு அது போதும். கரையில் குடியிருப்பவர் படித்துப் புரிந்துகொண்டு ஆட்சேபம் சொல்ல அவருக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை. இதுதான் வெளிப்படைத்தன்மையாம்!

காப்பகத்துக்கு வருவோம். ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் அளவில், 24 மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவுகளையொட்டி வந்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். அப்படியானால் 6,700 பேருக்கு இடம் வேண்டும். எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பேட்டையிலும் பெண்டாட்டி பிள்ளைகள் வேறொரு பேட்டையிலும் தங்கி, விடியற்காலையில் படகு எப்படித் தள்ளுவது? வலையையும் எஞ்சினையும் எங்கே வைப்பது? குடும்பக் காப்பகம் வேண்டும், அது கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வேண்டும். மாநகராட்சி சார்பில் காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனங்களைத் தேர்வு செய்யும் நிபந்தனையிலேயே இதை எழுதிவிடலாம்.

கடலோரப் பாதுகாப்பு, குடியிருப்பு இரண்டையும் சேர்த்து யோசிக்காததன் விலையை ஒருமுறை கொடுத்திருக்கிறோம். சுனாமியில் வீடிழந்த வடசென்னை மக்களைத் தாழ்வான கார்கில் நகரில் தற்காலிகக் குடிசைகளில் வைத்தார்கள். 2005 மழையில் அங்கும் தண்ணீர் புகுந்தது. கடல் துரத்திய மக்களை மழைத் தண்ணீருக்குள் குடிவைத்த திட்டமிடலை என்னவென்று சொல்வது?

மாநகராட்சி வார்டுகளில் மக்கள் பங்கேற்கும் பகுதி சபைகள் கூடுகின்றன. திருவொற்றியூர் மண்டலக் கடலோர வார்டுகளிலாவது, கல் கொட்டும் பணிகளின் எஸ்டிமேட்டை டெண்டர் விடுவதற்கு முன்பே தமிழில் அங்கே வைக்கட்டும். வீடு போகக்கூடிய குடும்பங்களின் பட்டியலும் அவர்களுக்கான மாற்று இடமும் அதே கோப்பில் இருக்கட்டும். நீர்வளத்துறைப் பொறியாளரும் வாரிய அதிகாரியும் மேடையில் உட்காரட்டும். 'அது எங்கள் துறை அல்ல' என்ற பதிலை மாமன்ற உறுப்பினர்கள் இனியாவது ஏற்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.