மீட்டரை முதலில் சோதியுங்கள்!

மல்டிமீட்டரைக் கையில் எடுத்ததும் நாம் செய்யும் முதல் காரியம் என்ன? இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்ப்போம். ‘பீப்’ என்று சத்தம் வந்தால்தான் சர்க்யூட்டில் வைப்போம். ஆஸிலோஸ்கோப் என்றால், அதன் முகப்பில் உள்ள காலிபரேஷன் முனையில் புரோபை மாட்டி, சதுர அலை ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்போம். முதலாண்டு இயற்பியலில் திருகு அளவியைக் கையில் கொடுத்ததுமே சுழிப் பிழையைக் குறிக்கச் சொல்கிறார்கள். கருவியை நம்புவதற்கு முன் கருவியைச் சோதி! பாலிடெக்னிக் நமக்குத் தரும் முதல் பாடம் இது.

இந்தப் பாடத்தைச் செருப்போடு சேர்த்து கம்ப்யூட்டர் லேப் வாசலிலேயே கழற்றி விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு பிரவுசரே ஒரு மீட்டரைத் தருகிறது. எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். பிழைகளைச் சொல்லக் கன்சோல், போக்குவரத்தைக் காட்ட நெட்வொர்க், புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்க பிரேக்பாயிண்ட். ஒரு படிவத்தில் பொத்தான் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். மாணவர் எஃப்12 அழுத்துகிறார். கன்சோல் வெறுமையாக இருக்கிறது. “எர்ரரே இல்ல சார், ஆனா ஓட மாட்டேங்குது!” என்கிறார். பிறகு நன்றாக இருந்த வரிகளையும் சேர்த்து மாற்றி எழுத ஆரம்பிக்கிறார். அன்றைய பிராக்டிகல் அதோடு சரி.

நண்பர்களே, கன்சோல் காலியாக இருந்தால் பிழை இல்லை என்று அர்த்தமில்லை. கன்சோல் பேசவில்லை என்று மட்டுமே அர்த்தம். அதன் வாயை யாராவது கட்டி வைத்திருக்கலாம் அல்லவா?

இது இன்று வந்த சிக்கல் அல்ல. இன்றைய டூல்ஸுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்கது, 2006-ல் ஜோ ஹெவிட் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்காக வெளியிட்ட ‘ஃபயர்பக்’. அதன் பிந்தைய பதிப்புகளில், நிறுவினால் மட்டும் போதாது. கன்சோல், ஸ்கிரிப்ட், நெட் ஆகிய பகுதிகளைத் தனித்தனியே இயக்கிவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். எல்லாம் எப்போதும் விழித்திருந்தால் கனமான பக்கங்கள் தவழ ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்த ஏற்பாடு. இது தெரியாதவர்கள் ‘ஃபயர்பக் கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார்கள். 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய வகை நீட்டிப்புகளோடு ஃபயர்பக்கும் விடைபெற்றது. கருவி போய்விட்டது, சிக்கல் போகவில்லை.

குரோமையே எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பகுதி, டூல்ஸ் திறந்திருக்கும்போது நடப்பதை மட்டுமே பதிவு செய்யும். முன்பே ஏறிவிட்ட பக்கத்தை அது அறியாது. மறுபடி ஏற்றத்தான் வேண்டும். பதிவுப் பொத்தான் சிவப்பாக இல்லையென்றால் மறுபடி ஏற்றியும் பயனில்லை. கன்சோலில் எந்த வகைச் செய்திகளைக் காட்டுவது என்ற பட்டியலில் ‘எர்ரர்’ மட்டும் எடுபட்டிருந்தால், ஆயிரம் பிழை வந்தாலும் திரை சுத்தமாக இருக்கும். இத்தனை செய்திகள் மறைந்துள்ளன என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் சொல்லவும் செய்கிறது. யார் படிக்கிறார்கள்? பிரேக்பாயிண்டுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் செயலிழக்கச் செய்யும் பொத்தானும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டையே நிறுத்திவைக்கும் அமைப்பும் உண்டு. அது டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் செல்லும். அதனால் டூல்ஸ் திறந்திருக்கும்வரை பக்கம் ஓடாது, மூடினால் ஓடும்! பேய் வீடு என்று நினைக்க வேண்டியதில்லை, அமைப்புகளைப் பாருங்கள்.

நம் லேபில் ஒரு கம்ப்யூட்டரில் பல கைகள் விழுகின்றன. காலை பேட்ச் மாற்றிய அமைப்புகளில் பல, மாலை பேட்ச் உட்காரும்போதும் அப்படியே இருக்கும். ஆகவே உட்கார்ந்ததும் ஒரு நிமிடச் சோதனை செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் வேண்டுமென்றே ஒரு எர்ரர் செய்தியை எழுதி, பக்கத்தை ஏற்றுங்கள். கன்சோலில் சிவப்பாகத் தெரிந்தால் மீட்டர் நலம். அடுத்து அதே வரியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து மறுபடி ஏற்றுங்கள். நின்றால் அதுவும் நலம். இரண்டு முனைகளைத் தொட்டுப் பார்ப்பதற்குச் சமம் இது. சரியில்லை என்றால், டூல்ஸுக்குள் எஃப்1 அழுத்தி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தானைத் தேடுங்கள்.

எஃப்12 அழுத்தியும் எதுவுமே திறக்கவில்லையா? மடிக்கணினியில் அந்த விசைக்கு வேறு வேலை இருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நிர்வாகக் கொள்கையில் டெவலப்பர் டூல்ஸை மூடி வைத்திருக்கக்கூடும். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அந்த வசதி உண்டு. ஆன்லைன் தேர்வு நேரத்தில் மூடுவது நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலைப்பக்க பிராக்டிகல் நேரத்திலும் மூடியே வைப்பது, லேத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு டர்னிங் செய்து காட்டு என்பது போலத்தான்.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு இரண்டு வேண்டுகோள். பிராக்டிகல் நேரத்தில் அந்தப் பூட்டு திறந்திருக்கட்டும். வலைப்பக்கப் பாடத்தின் ரெக்கார்டு நோட்டில் முதல் பயிற்சியாக இந்தக் கருவிச் சோதனை இடம்பெறட்டும். சுழிப் பிழைக்கு ஒரு கட்டம் ஒதுக்குகிறோமே, இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா? நாளை ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போகும் நம் மாணவர், ‘எர்ரர் இல்லை’ என்று சொல்வதற்கு முன், எர்ரர் இருந்தால் தன் திரையில் தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வார். அந்த ஒரு கேள்விதான் அவரை நல்ல டெக்னீஷியன் ஆக்கும்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். சில நாள் மேடை கோணலாகவும் இருக்கும். எது உண்மை என்று தெரிய, ரசமட்டம் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.