ஏத்துங்க, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க

சபாக் கச்சேரிகளில் தொடக்கத்தில் பாடும் வர்ணத்தை யாரும் கேட்பதில்லை, பாடகர் உட்பட. அந்தப் பத்து நிமிடமும் மேடைக்கும் மைக் செட்காரருக்கும் இடையே சைகையில் ஒரு பேரம் நடக்கும். பாடகர் சுட்டுவிரலை உயர்த்துவார், தம்புரா போதவில்லை. வயலின்காரர் இரண்டு வில்லுக்கு நடுவே காதைத் தொட்டுக் காட்டுவார். மானிட்டரில் அவர் சத்தம் அவருக்கே கேட்கவில்லை. மிருதங்கக்காரரும் எப்படியோ ஒரு கையை விடுவித்துக்கொண்டு ‘ஏத்துங்க’ என்பார். ‘இறக்குங்க’ என்று யாராவது சொல்லிப் பார்த்தது அபூர்வம்.

இந்த மார்கழியிலும் இதே கதைதான். கருவிகள் மோசம் என்று சொல்ல முடியாது. முன்பைவிட நல்ல மைக், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் வந்தாயிற்று. கோளாறு மேடையில் ஆரம்பிக்கிறது. ஒருவர் மானிட்டரில் தன் ஒலியைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருடையது அமுங்கிப்போகும். அவரும் கூட்டச் சொல்வார். ஒரு சுற்று வருவதற்குள் மேடையே இரைச்சலாகி, அந்த இரைச்சல் மறுபடி மைக்கில் ஏறி, ‘கூய்’ என்று ஒரு ஊளை கிளம்பும். முதல் வரிசை நன்கொடையாளர்கள் கௌரவம் கருதிக் காதைப் பொத்தாமல் இருப்பார்கள்.

அதிகம் அடிபடுவது மிருதங்கம்தான். கேட்பவர்களோ அதுதான் எல்லாரையும் அடிக்கிறது என்று புகார் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. சாதாரணத் தோல்கருவியைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால்தான் அது வெறும் சத்தமாகக் கேட்கிறது. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் கரணை அந்தச் சுரங்களை இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920லேயே எழுதினார். 1934இல் இன்னும் விரிவாக. ஸ்ருதி சேர்க்கக்கூடிய தாளவாத்தியம் என்ற அதன் பெருமையே அதில்தான் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? இடது பக்கமான தொப்பிக்கு ஒரு சாண் தள்ளி மைக்கை நிறுத்தி, கீழ் அதிர்வுகளைக் கூட்டி, ஆள் உயர ஸ்பீக்கரில் விடுகிறோம். ரவை பிசைந்து ஒட்டிய தொப்பியில் மணிக்கட்டால் இழுக்கும் கும்கி, டெப்போவில் நிற்கும் பஸ் மாதிரி உறுமுகிறது. வலந்தலையின் மீட்டில் ஒலிக்கும் ஷட்ஜம் அந்த உறுமலில் காணாமல் போகிறது. தனி ஆவர்த்தனத்தில் ஜனம் எழுந்து கேன்டீனுக்குப் போவதற்கு ரவா தோசை மட்டும் காரணமில்லை.

மைக்கே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டுமானால் நாடக நடிகர் கிட்டப்பா மாதிரி உச்ச ஸ்தாயிக் குரல் வேண்டும். எல்லாருக்கும் அது வாய்க்குமா? எம்.டி. ராமநாதனின் மந்திர ஸ்தாயி பெரிய அரங்கின் பின்வரிசைக்குப் போனதற்கு மைக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் 1960களில் மைக் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாரே, அதை ஒரு மேதையின் வீம்பு என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. விரல் அழுத்தத்தில் அவர் வைத்திருந்த கனத்தையும் மென்மையையும் வேறொருவர் ஒரு குமிழைத் திருகி மாற்றிவிடலாம் என்றால், வாசிப்பது யார்?

குமிழைத் திருகுபவரையும் குறை சொல்ல முடியாது. நேற்று அவருக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன், நாளைக்கு ஒரு கட்சிக் கூட்டம். மிக்ஸரை ஓரத்துக் கதவருகே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு என்ன கேட்கிறது என்று அங்கிருந்து அவருக்குத் தெரியாது. ஒரு சபா காரியதரிசியிடம் இதைச் சொன்னேன். “வித்வான் ஏத்தச் சொன்னா நாங்க எப்படி சார் முடியாதுங்கறது?” என்றார். நியாயம்தான். அந்த வித்வானின் சிஷ்யர் ஒருவர் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மிக்ஸர்காரருக்குச் சொல்லலாமே என்றேன். சிஷ்யர்கள் எல்லாம் மேடையில் தம்புரா போடவே ஆசைப்படுகிறார்களாம்.

இருநூறு பேர் உட்காரும் அரங்கில் மைக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். அப்படிப்பட்ட கச்சேரிகள் சென்னையில் அவ்வப்போது நடக்கத்தான் செய்கின்றன. முதல் பாட்டு தூரத்தில் எங்கோ நடப்பது போலத்தான் இருக்கும். இரண்டாவதில் காது கூர்மையாகிவிடும். பக்கத்து நாற்காலிப் பேச்சும் தானாக நிற்கும், பேசினால் பாட்டு போய்விடும் என்பதால். அங்கே மிச்சமிருக்கும் ஒரே எதிரி ஏசி இரைச்சல். அதை அடக்கித் தந்தால் டிக்கெட்டில் ஐம்பது ரூபாய் கூடக் கேட்கட்டும், கொடுத்துவிடுகிறேன்.